திருடாமலேயே திருட்டுப் பழி: கடையில் சந்தேகத்தின் பேரில் நிறுத்தப்பட்டால் சட்டப்படி என்ன செய்யலாம்?

பில் போட்டு, பணம் கட்டி, பையைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டுகிற நேரத்தில் எச்சரிக்கை மணி அலறுகிறது. பாதுகாவலர் குறுக்கே வந்து நிற்கிறார். பில் போடுகிற வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிறார்கள். மணி அடித்ததற்குக் காரணம் பெரும்பாலும் அற்பமானதாகவே இருக்கும்: துணியின் உட்தையலில் ஒட்டியிருந்த கட்டைவிரல் நகமளவு பட்டையைச் செயலிழக்கச் செய்யக் கல்லாவில் இருந்தவர் மறந்திருப்பார். ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் ஒருவருடைய மானம் பலர் முன்னிலையில் போய்விடுகிறது. அதற்குப் பிறகு சிலர் கூச்சல் போடுகிறார்கள். பலர் கூனிக்குறுகி, சொன்ன இடத்தில் உட்கார்ந்து, நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். இரண்டுமே பிற்பாடு கேட்க வேண்டிய நியாயத்தைப் பலவீனமாக்குகின்றன. இத்தகைய வழக்குகளில் வெற்றி தோல்வி பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு நாட்களில் நீங்கள் என்ன சொன்னீர்கள், எதில் கையெழுத்திட்டீர்கள், எதைப் பத்திரப்படுத்தினீர்கள் என்பதில்தான் தீர்மானமாகிறது என்பதால், அந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

நிறுத்தப்பட்ட இடத்திலேயே

முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "என்னைத் தடுத்து வைத்திருக்கிறீர்களா, இல்லை நான் போகலாமா?" இதை நிதானமாக, அருகில் இருப்பவர்கள் காதில் விழும்படி கேளுங்கள். நீங்களாகவே விருப்பப்பட்டு உடன் சென்றீர்கள் என்று கடைத்தரப்பு பின்னால் சொன்னால், சட்டவிரோதமாகத் தடுத்து வைத்தார்கள் என்ற உங்கள் வழக்கு அங்கேயே ஆட்டம் காணும். "போகலாம்" என்று பதில் வந்தால் போய்விடலாம். "போக முடியாது" என்று சொன்னால், அந்த நிமிடத்திலிருந்து உங்களைத் தடுத்து வைத்திருக்கும் பொறுப்பு அவர்களுடையது. கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

கை ஓங்க வேண்டாம். தள்ளிவிட்டு ஓடவும் வேண்டாம். இங்கிலாந்தில் ஒரு சாக்லேட்டை எடுத்துக்கொண்டு பணம் தராமல் போனதாகச் சந்தேகிக்கப்பட்ட ஒருவர், தன்னைப் பிடிக்க வந்தவர்களைத் தாக்கினார். திருட்டுக் குற்றத்திலிருந்து நடுவர் குழு அவரை விடுவித்தது; ஆனால் கைதை எதிர்த்துத் தாக்கியதற்காக அவரைக் குற்றவாளி என்றது. திருட்டே நடக்கவில்லை என்றால் தனிநபர் செய்த அந்தக் கைதுக்குச் சட்ட அடிப்படையே இல்லை என்று கூறி, மேல்முறையீட்டு நீதிமன்றம் 1992இல் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. இறுதியில் நியாயம் கிடைத்தது உண்மைதான். ஆனால் மேல்முறையீடு வரை போக வேண்டியிருந்தது. உடலால் எதிர்ப்பதை விட "இதற்கு நான் சம்மதிக்கவில்லை" என்று வாயால் சொல்வது சட்டத்தின் முன் அதிகம் பயன்படும்.

பில்லைக் காட்டுவதில் தவறில்லை. பையைத் திறந்து காட்டுவது உங்கள் விருப்பம். காட்டினால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும் என்று தோன்றினால் காட்டலாம். உடலைத் தடவிச் சோதிப்பது முற்றிலும் வேறு விஷயம். கைது செய்த பிறகு காவல்துறை ஒரு பெண்ணைச் சோதனையிடுவதானாலும், இன்னொரு பெண்ணே கண்ணியம் குறையாமல் சோதிக்க வேண்டும் என்று இந்தியச் சட்டம் சொல்கிறது. காவல்துறைக்கே இத்தனை கட்டுப்பாடு இருக்கும்போது, சீருடை அணிந்த தனியார் ஊழியருக்கு அதைவிடக் கூடுதல் உரிமை இருக்க வழியில்லை. காவலர் வரட்டும், அவர் முன்னிலையில் காட்டுகிறேன் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இனி, உள் அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், ஏற்கெனவே அச்சடித்து வைத்த ஒரு படிவம், அதன் மேல் மூடி கழற்றிய பேனா. "ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள், போலீஸெல்லாம் எதற்கு?" என்று ஒருவர் கனிவாகவே சொல்வார். அந்தத் தாளைப் படித்துப் பார்த்தால் வழக்கமாக மூன்று விஷயங்கள் இருக்கும். பொருளை எடுத்ததை ஒப்புக்கொள்கிறேன் என்பது ஒன்று. இனி இந்தக் கடைக்குள் வரமாட்டேன் என்பது இன்னொன்று. இந்த நிகழ்வு தொடர்பாகக் கடை மீது எந்த வழக்கும் தொடரமாட்டேன் என்பது கடைசியாக, சின்ன எழுத்தில். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரிதான் நினைவில் நிற்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: எந்தச் சூழலிலும் அதில் கையெழுத்திடாதீர்கள். மிரட்டலுக்குப் பயந்து ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தால் எல்லாம் முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். அச்சுறுத்திப் பெற்ற சம்மதம் செல்லாது என்று வாதிட முடியும். ஆனால் அதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழுந்துவிடும். அதனால் மறுநாளே எழுத்து மூலம் மறுப்புத் தெரிவித்துவிடுங்கள்.

"பொருளின் விலையைப் போலப் பத்து மடங்கு கட்டு, இல்லாவிட்டால் போலீஸ்" என்று கேட்டால் பணம் கொடுக்காதீர்கள். இப்படிப் பயமுறுத்திப் பணம் பறிப்பது தனிக் குற்றமாகவே ஆகக்கூடும்.

நீண்ட விளக்கம் தருவதையும் தவிர்க்க வேண்டும். பதற்றத்தில் பேசும்போது "ஏதோ தெரியாமல் நடந்துவிட்டது" என்பது போன்ற வாக்கியங்கள் வாயில் வந்துவிடும். நாளை அதுவே ஒப்புதல் வாக்குமூலமாக எழுதப்படும். உண்மையிலேயே கவனக்குறைவால் ஒரு பொருளுக்குப் பணம் கட்ட விட்டுப்போயிருந்தால், "கவனிக்கவில்லை, இப்போதே பணம் தருகிறேன்" என்று ஒருமுறை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். நேர்மையற்ற எண்ணம் இருந்தால்தான் அது திருட்டு. பெரும்பாலான நாடுகளின் சட்டங்களில் மறதி திருட்டாகாது.

அன்று இரவே செய்ய வேண்டியவை

தூங்கப் போவதற்கு முன் நடந்ததை எழுதி வையுங்கள். எத்தனை மணிக்கு நிறுத்தினார்கள், யார் என்ன சொன்னார்கள் என்பதை முடிந்தவரை அதே சொற்களில் எழுத வேண்டும். "திருடி என்று சொன்னார்கள்" என்பதற்கும் "கொஞ்சம் பையைக் காட்ட முடியுமா என்று கேட்டார்கள்" என்பதற்கும் சட்டத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு. ஊழியர்களின் பெயர் அட்டையில் இருந்த பெயர்கள், அருகில் நின்று பார்த்தவர்களில் தெரிந்தவர் யாராவது இருந்தால் அவர்கள், அறையில் எத்தனை நேரம் வைத்திருந்தார்கள், தண்ணீரோ தொலைபேசியோ கேட்டபோது மறுத்தார்களா என்பவை எல்லாம் வேண்டும். கையைப் பிடித்து இழுத்ததில் சிராய்ப்போ வீக்கமோ இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டிச் சீட்டு வாங்கிவிடுங்கள்.

பில்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடைகளில் தரும் பில் பெரும்பாலும் வெப்பத்தால் அச்சாகும் வழவழப்பான தாள். எனக்கு நெருங்கிய ஒருவர் அதை அலமாரியில் பத்திரமாக மடித்துத்தான் வைத்திருந்தார்; ஏழு மாதம் கழித்து வழக்கறிஞர் கேட்டபோது எடுத்துப் பார்த்தால், மடிப்பின் ஓரத்தில் ஒரு மங்கலான கோட்டைத் தவிர வெள்ளைத் தாள்தான் மிஞ்சியிருந்தது. அன்றே புகைப்படம் எடுத்து, ஒரு நகலும் போட்டு வையுங்கள். அட்டையிலோ செல்பேசியிலோ பணம் செலுத்தியிருந்தால் அந்தக் குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள்.

எல்லாவற்றையும் விட வலுவான சாட்சி கடையின் கண்காணிப்புக் கேமராப் பதிவுதான், ஆனால் அது உங்கள் கையில் இல்லை. பதிவுக் கருவியின் கொள்ளளவு நிரம்பியதும் பழைய பதிவின் மேலேயே புதியது எழுதப்பட்டுவிடும். சில வாரங்களில் உங்கள் நாள் காணாமல் போய்விடும். எனவே ஒன்றிரண்டு நாட்களுக்குள், தேதி, நேரம், நின்ற இடம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, அந்தப் பதிவை அழிக்காமல் பாதுகாக்க வேண்டும் என்று கடை நிர்வாகத்துக்கு எழுத்து மூலம் அனுப்புங்கள். பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பினால் இரட்டைப் பாதுகாப்பு. உடனே பதிவின் நகல் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் கடிதம் போன பிறகு பதிவு "தானாக அழிந்துவிட்டது" என்று அவர்கள் சொன்னால், கையில் இருந்த சாட்சியத்தைக் காட்ட மறுப்பவருக்கு அது பாதகமாகவே இருந்திருக்கும் என்று நீதிமன்றம் ஊகிக்க இடம் உண்டு. 2018 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்படி, தம் உருவம் பதிவான காட்சிகளின் நகலைக் கேட்கும் உரிமை அங்குள்ளவர்களுக்கு உண்டு; சாதாரணமாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். இந்தியாவில் இத்தகைய பதிவைச் சாட்சியமாகத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழ் உடன் இருக்க வேண்டும் என்பதையும் வழக்கறிஞருக்கு நினைவூட்டுங்கள்.

சமூக ஊடகத்தில் கடையின் பெயரைப் போட்டு எழுதத் தோன்றும். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் பொறுங்கள். கோபத்தில் எழுதிய ஒரு மிகை வாக்கியம் உங்கள் மீதே அவதூறு வழக்குக்கு வழி திறக்கும். அதற்கும் உங்கள் மனுவுக்கும் உள்ள சின்ன முரண்பாட்டைக்கூட எதிர்த்தரப்பு வழக்கறிஞர் விடமாட்டார்.

கடைக்காரருக்கு எவ்வளவு அதிகாரம் உண்டு?

இது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் பல மாநிலங்கள் கடைக்காரருக்கு ஒரு தனிச் சலுகை தந்திருக்கின்றன: சந்தேகத்துக்கு நியாயமான காரணம் இருந்தால், நியாயமான முறையில், நியாயமான நேரம் வரை ஒருவரை நிறுத்தி விசாரிக்கலாம். மூன்றில் ஒன்று தவறினாலும் சலுகை போய்விடும். இங்கிலாந்தில் 1984ஆம் ஆண்டின் காவல்துறை மற்றும் குற்றச் சாட்சியச் சட்டம் தனிநபர் கைதுக்கு இடம் தருகிறது. ஆனால் குற்றம் நடந்து முடிந்த பின் பிடிப்பதானால், குற்றம் உண்மையில் நடந்திருக்க வேண்டும். மேலே சொன்ன சாக்லேட் வழக்கு தீர்ந்ததும் இந்தப் புள்ளியில்தான்.

இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, தன் கண்ணெதிரே பிணையில் விடமுடியாத, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றத்தைச் செய்பவரைத் தனிநபர் பிடிக்கலாம் என்கிறது. பிடித்தவரைத் தேவையற்ற தாமதமின்றி, அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள், காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. புதிய சட்ட அட்டவணையின்படி 5,000 ரூபாய்க்குக் குறைவான மதிப்புள்ள பொருளின் சாதாரணத் திருட்டு பிணையில் விடத்தக்கது. பிடியாணையின்றிக் கைது செய்யவும் முடியாதது. அப்படியென்றால் ஒரு சோப்புக்காகவோ சட்டைக்காகவோ உங்களைப் பூட்டி வைக்க அந்த 40ஆம் பிரிவைக் கடைக்காரர் துணைக்கு அழைக்க முடியாது என்று வாதிடலாம். வழக்கறிஞர் அறிவிப்பில் இந்த ஒரு பத்தி இருந்தாலே எதிர்த்தரப்பின் தொனி மாறும் என்பது என் கணிப்பு.

எந்த நாடானாலும் பொதுவானது இது: தவறு நடந்துவிட்டது என்று தெரிந்த கணமே விட்டுவிட வேண்டும். பில் சரியாக இருப்பதைப் பார்த்த பிறகும் "மேலாளர் வரட்டும்" என்று உட்கார வைத்த ஒவ்வொரு நிமிடமும் உங்கள் வழக்குக்கு வலுவூட்டும்.

முக அடையாளத் தொழில்நுட்பம் இன்னொரு புதிய அபாயம். பழைய திருடன் ஒருவனின் முகத்தோடு உங்கள் முகத்தைக் கணினி பொருத்திவிட்டால் பழி உங்கள் மீது விழும். அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2023 டிசம்பரில், இப்படிப் பலரைத் தவறாக அடையாளம் காட்டிய ஒரு பெரிய மருந்துக்கடை நிறுவனம் ஐந்து ஆண்டுகளுக்கு அந்தத் தொழில்நுட்பத்தைக் கண்காணிப்புக்குப் பயன்படுத்தத் தடை விதிக்கும் நடவடிக்கையை எடுத்தது. "கணினி சொன்னது" என்பது நியாயமான காரணம் ஆகுமா என்ற கேள்வியை உங்கள் தரப்பு தயங்காமல் எழுப்ப வேண்டும்.

என்னென்ன வழக்குத் தொடரலாம்?

ஒரே நிகழ்வில் பல தவறுகள் நடந்திருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால்தான் எது நிற்கும், எது நிற்காது என்று தெரியும்.

தடுத்து வைத்ததற்கான வழக்குதான் பொதுவாக வலுவானது. இதற்குப் பூட்டிய கதவு தேவையில்லை. வாசலில் ஆள் நின்று, போனால் பிடிப்பார்கள் என்ற நிலை இருந்தாலே போதும். 1919இல் இங்கிலாந்தில் திருட்டுச் சந்தேகத்தின் பேரில் ஓர் ஊழியரை ஓர் அறையில் உட்கார வைத்து, வெளியே காவலும் போட்டிருந்தார்கள். தான் காவலில் இருப்பது அவருக்கே தெரியாது. இருந்தாலும் அது சட்டவிரோதமான அடைப்புதான் என்று நீதிமன்றம் கூறியது. இந்தியாவில் இதற்கு இழப்பீடு கேட்டு உரிமையியல் நீதிமன்றம் செல்லலாம். குற்றங்களையும் தண்டனைகளையும் வகுக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 126, 127ஆம் பிரிவுகளின்படி முறைகேடாகத் தடுப்பதும் அடைத்து வைப்பதும் குற்றங்களும்கூட. முன்னதற்கு ஒரு மாதம் வரையும் பின்னதற்கு ஓர் ஆண்டு வரையும் சிறைத் தண்டனை விதிக்கலாம்.

அவதூறுக்கு முக்கியமானது மூன்றாவது நபர். உங்களிடம் தனியாகச் சொன்னது எத்தனை கேவலமாக இருந்தாலும் அவதூறு ஆகாது. பிறர் காதில் விழுந்திருக்க வேண்டும், அல்லது உங்கள் படத்தைச் சுவரிலோ வாட்ஸ்அப் குழுவிலோ போட்டிருக்க வேண்டும். அதே சமயம் கடைத்தரப்பு நல்லெண்ணத்துடன் காவல்துறையிடம் தந்த புகாருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. கெட்ட எண்ணத்தைக் காட்டினால்தான் அந்தப் பாதுகாப்பை உடைக்க முடியும். இந்தியாவில் அவதூறு உரிமையியல் தவறும் குற்றமும் ஆகும். குற்ற வழக்காகத் தொடர, பாதிக்கப்பட்டவரே மாஜிஸ்திரேட்டிடம் நேரடியாகத் தனிப் புகார் அளிக்க வேண்டும்.

தொட்டதும் இழுத்ததும் தாக்குதல் வழக்குக்குள் வரும். பெண்ணிடம் வரம்பு மீறியிருந்தால் அதற்குரிய கடுமையான பிரிவுகள் தனியே உள்ளன. அதைத் தாமதிக்காமல் காவல்துறையிடம் கொண்டு போக வேண்டும்.

தீங்கெண்ணத்துடன் வழக்குத் தொடுத்ததற்கான இழப்பீடு, பலர் முதலில் நினைப்பதும் கடைசியில் கிடைக்காததுமான நிவாரணம். உங்கள் மீதான வழக்கு உங்களுக்குச் சாதகமாக முடிந்திருக்க வேண்டும். தகுந்த காரணமின்றித் தொடுத்தார்கள் என்பதோடு கெட்ட எண்ணத்துடன் தொடுத்தார்கள் என்பதையும் நீங்கள் நிரூபிக்க வேண்டும். நேர்மையாகத் தவறிழைத்த கடைக்காரர் இதிலிருந்து தப்பிவிடுவார்.

காவல்துறை வழக்குப் பதிந்துவிட்டால்

அப்போது இழப்பீட்டை ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் உங்களைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். கைதுக்கான காரணத்தை அறியவும், வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கவும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்படவும் இந்திய அரசியலமைப்பின் 22ஆவது உறுப்பு உரிமை தருகிறது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது 20ஆவது உறுப்பு. புகாரில் அடிப்படையே இல்லை என்றால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்யக் கோரலாம்.

"சின்ன வழக்குதானே, ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டால் இன்றே முடிந்துவிடும்" என்று நல்லெண்ணத்துடனேயே சிலர் அறிவுரை சொல்வார்கள். கேட்காதீர்கள். குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு பொய்ப் பழி என்று இழப்பீடு கேட்பதற்கான அடித்தளமே இல்லாமல் போகிறது. வேலை, கடவுச்சீட்டு, விசா என்று ஒவ்வொரு படிவத்திலும் அந்த ஒரு வரி உங்களைத் துரத்தும். இங்கிலாந்தில் காவல்துறை தரும் முறையான எச்சரிக்கையை ஏற்பதும் குற்றத்தை ஒப்புக்கொள்வதாகவே கொள்ளப்படும்.

காலக்கெடுவும் செலவும்

இந்தியாவின் 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி சட்டவிரோத அடைப்பு, அவதூறு, தீங்கெண்ண வழக்கு ஆகிய மூன்றுக்கும் இழப்பீடு கேட்க ஓர் ஆண்டுதான் அவகாசம். அடைப்புக்கு விடுவிக்கப்பட்ட நாளிலிருந்தும், தீங்கெண்ண வழக்குக்கு நீங்கள் விடுதலையான நாளிலிருந்தும் அது கணக்கிடப்படும். இங்கே பலர் தவறுகிறார்கள்: திருட்டு வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தால், அடைத்து வைத்ததற்கும் அவதூறுக்குமான காலம் கடந்துவிடும். இங்கிலாந்தில் அவதூறுக்கு ஓர் ஆண்டு, அடைத்து வைத்ததற்கு ஆறு ஆண்டுகள்.

கோடி ரூபாய் கேட்டு வழக்குப் போடும் ஆசையைக் கட்டுப்படுத்துங்கள். இந்தியாவில் கேட்கும் தொகைக்கு ஏற்ப நீதிமன்றக் கட்டணம் உயரும். நிரூபிக்கக்கூடிய தொகையைக் கேட்பதே விவேகம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. அமெரிக்காவில் வெற்றி பெற்றால் மட்டும் பங்கு வாங்கிக்கொள்ளும் வழக்கறிஞர்கள் உண்டு. இந்திய வழக்கறிஞர்களுக்கு அந்த முறை அனுமதிக்கப்படவில்லை.

உண்மையில் பெரும்பாலானவர்கள் விரும்புவது பணத்தை அல்ல. நான் திருடவில்லை என்று அவர்களே எழுதித் தர வேண்டும் என்பதைத்தான். அதனால் முதல் படி வழக்கறிஞர் அறிவிப்பாக இருக்கட்டும். அதில் எழுத்து மூலமான மன்னிப்பு, கடையின் பதிவேட்டிலும் கண்காணிப்புப் பட்டியலிலும் உள்ள உங்கள் பெயரையும் படத்தையும் நீக்குதல், எங்காவது பகிர்ந்திருந்தால் அதைத் திரும்பப் பெறுதல், மருத்துவச் செலவும் நியாயமான இழப்பீடும் ஆகியவற்றைத் தெளிவாகக் கேட்டு, பதிலளிக்கப் பதினைந்து நாள் போலக் கெடு வையுங்கள். சமாதானத்துக்கு வந்தால், ஒப்பந்தத்தில் நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திடுபவருக்கு அந்த அதிகாரம் உண்டா என்று வழக்கறிஞரைக் கொண்டு சரிபாருங்கள். மன்னிப்புக் கடிதம் "உங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்" என்று மட்டும் வந்தால் அதைத் திருப்பி அனுப்பி, "நீங்கள் எந்தப் பொருளையும் திருடவில்லை" என்ற வாக்கியத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள்.